ஏழாம் பெட்டி

பெயர்ச்சீட்டு ஒட்டுவது என் வேலை.
பழையதை உரிப்பதில்லை. மேலேயே ஒட்டிவிடுவேன்.
ஏழாம் எண் தபால் பெட்டியைத் தடவினால் விரல் தடுக்கும்.
ஒன்பது பேர் அங்கே.

மொன்டானாவில், பியூட் நகரத்தில், ஜனவரி.
குழந்தைகள் நலப் பிரிவின் மூத்தவள் டெஸ் வுக்கோவிச்.
வயது இருபத்தெட்டு.
மற்றவர்கள் போய்விட்டதால் மூத்தவள்.
இருவர் வங்கிக்கு, ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு,
ஒருத்தி சொல்லாமல்,
பாதி குடித்த காபியை மேசையில் விட்டுவிட்டு.

புதிதாக வந்தவர் லைல் பென்ஹாலோ. ஐம்பத்தொன்று.
சுரங்கத்தில் லாரி ஓட்டியவர்.
அவர் பெயரைப் பென்சிலில்தான் எழுதினேன்.
தொண்ணூறு நாள் தாண்டட்டும்,
மையைச் செலவு பண்ணலாம்.

டெஸ் அவருக்கு முதலில் காட்டியது சட்டப் புத்தகம் இல்லை.
வாகன நிறுத்தத்தில், மைனஸ் இருபதில்,
காரில் குழந்தை இருக்கையைப் பூட்டும் விதம்.
"முழங்காலை வச்சு அழுத்துங்க. பெல்ட்டை இழுங்க.
ஆட்டிப் பாருங்க. ஆடினா மறுபடி."
ஆறு தடவை ஆடியது.
நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பிறகு வாக்கர்வில் பையன்.
யார் போனாலும் அவனுக்கு மார்லாதான்.
மார்லா போய் இரண்டு வருஷம்.
டெஸ்ஸும் மார்லா, அவளுக்கு முன்னால் போன மீசைக்காரரும் மார்லா.
லைல் திருத்தவில்லை.
"என்னப்பா" என்று திரும்பினாராம்.
திரும்பும்போது காரில் ஏறிய டெஸ்
சாவியைப் போடாமல் உட்கார்ந்தே இருந்தாளாம்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை.
"குளிருது, ஹீட்டரையாவது போடு" என்றாராம்,
கொஞ்ச நேரம் கழித்து.

அன்று மாலை
பொது அச்சு இயந்திரத்தில் ஒரு தாள் வந்து விழுந்தது.
மூன்று வரி, டெஸ்ஸின் பெயர், பிப்ரவரியில் ஒரு தேதி.
இந்த நடை எனக்குப் பழக்கம்.
மேலதிகாரியின் தட்டில் வைப்பதுதான் ஒழுங்கு.
அந்தத் தட்டில் ஏற்கெனவே
ஹெலெனாவிலிருந்து வந்த சுற்றறிக்கை:
பணியாளர்களைத் தக்கவைக்கும் திட்டம், பதினான்கு பக்கம்,
கேக் வாங்க நாற்பது டாலர்.

தாளைக் கவிழ்த்து டெஸ்ஸின் பெட்டியிலேயே போட்டேன்.
அவள் சீட்டின் ஓரம் மஞ்சளாகிவிட்டது,
அலுவலகத்தில் அது ஒன்றுதான் மஞ்சள்.

காலையில் தாள் இல்லை.
தட்டிலும் இல்லை. பார்த்தேன்.
நாளைக்கு இருக்கலாம்.
வெளியே இரண்டு பேரும்
இன்னொரு இருக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.
இந்தத் தடவை முழங்கால் லைலுடையது,
டெஸ் பெல்ட்டைப் பிடித்திருந்தாள்.

நாற்பத்தோராம் நாள்.
பென்சிலின் மேலேயே பேனாவை ஓட்டினேன்.
அடியில் ஒன்பது பேர்,
எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.