ஊதச் சொன்ன காலை

ஏர்வென் என்றால் எங்கள் வேல்ஷ் மொழியில் வெண்பனி.
பெயர் வைத்தவர்கள்
என் ஐம்பத்திரண்டாம் வயதை எதிர்பார்க்கவில்லை.

மூக்கில் தொடங்கியது. குளிர் என்றேன்.
கன்னத்துக்கு இறங்கியது. காற்று என்றேன்.
ட்ரெகாரனில் காற்றின்மேல் பழிபோடுவது சுலபம்,
மறுத்துப் பேசாது,
இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிக்கும், அவ்வளவுதான்.

பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள்.
முப்பத்தைந்து வருடம் தாமதமாக வந்த பருவம் என்று
தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.
சிரித்தால் எரிந்தது.

அவள் குளியலறையில் மிச்சமிருந்த ஒரு களிம்பு,
ஸ்டீராய்டு என்று பின்னால்தான் தெரிந்தது,
எட்டு நாள் என் பழைய முகத்தைக் கடன் கொடுத்தது.
ஒன்பதாம் நாள்
வட்டியோடு வாங்கிக்கொண்டது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பதினாறு பிள்ளைகள்,
ஏழு நிறுத்தங்கள், குறுகலான பாலம் மூன்று.
ஏதோ ஒரு தாய் போன் செய்திருக்கிறாள்.
யாரென்று ஹவெல் சொல்லவில்லை.
காலை ஏழு பத்துக்குக் குழாயை நீட்டினார்,
தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு.

ஊதினேன்.
அப்பாவை வாசலிலிருந்து படுக்கைவரை
இழுத்துப்போன தோள் இது.
கிறிஸ்துமஸ் கேக்கில் ஊறிய சொட்டைக்கூட
இந்த வாய் தொட்டதில்லை.

பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.
இயந்திரம் ஒரு துண்டுச்சீட்டையும் துப்பியது.
"மன்னிச்சுக்கோ ஏர்வென்."
அப்போதுதான் என் முகம் நிஜமாகவே சிவந்தது.
அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அகத்தின் அழகு முகத்தில் என்று
முதன்முதலில் சொன்ன ஆளை
ஒருநாள் என் வேனில் ஏற்றிக்கொண்டுபோய்
கடைசி நிறுத்தத்தில், மழையில்,
இறக்கிவிட வேண்டும்.
என் முகத்தில் தெரிந்தது என் அகமில்லை.
என் அப்பா.

டாக்டர் லவ்ரி விளக்கைக் கிட்டே இழுத்தாள்.
ரொசேஷியா.
பணக்கார வீட்டுப் பெண் மாதிரி ஒரு பெயர்.
தீராது, அடங்கும் என்றாள்.
வெயில், காற்று, சூடான தேநீர், காரம், கவலை
எல்லாவற்றையும் தள்ளி வை.
கவலையைத் தள்ளி எங்கே வைப்பது என்று கேட்டேன்.
அவள் மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடையில் டியூபைத் திருப்பிப் படித்தேன்.
ஐவர்மெக்டின்.
அங்கேயே, வரிசையில் நின்றபடி, சிரித்துவிட்டேன்.
இதே பெயர் போட்ட கேன் என் கொட்டகையில் இருக்கிறது,
நாற்பத்தொரு செம்மறிகளின் குடற்புழுவுக்கு.
ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்து
சும்மா இரு, உன் நல்லதுக்குத்தான் என்று
ஊற்றுகிறவள் நான்.

இரவு, நெற்றிக்கு ஒரு பட்டாணி அளவு,
மோவாய்க்கு, மூக்குக்கு, கன்னம் இரண்டுக்கும்.
சும்மா இரு என்றேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து
என்னை நம்பாத செம்மறி ஒன்று பார்த்தது.

நாலாம் வாரம் ஒன்றுமில்லை.
ஆறாம் வாரம் எண்ணினேன், பதினொன்று.
ஏழாம் வாரம் பதின்மூன்று.
டியூபைச் சுவரில் எறிந்தேன்.
அப்புறம் முழங்காலிட்டு மூடியைத் தேடினேன்.
பன்னிரண்டாம் வாரம்
எண்ண மறந்துபோயிருந்தது.

சிவப்பு முழுக்கப் போகவில்லை.
தேநீரை ஆறவிட்டுக் குடிக்கிறேன்,
அதற்கும் ஒரு ருசி உண்டு என்று பொய் சொல்ல மாட்டேன்.
மேகமூட்டத்திலும் சன்ஸ்கிரீன் பூசுகிறேன்,
மேய்ச்சல் நிலத்தில் கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு
கொள்ளைக்காரி மாதிரி நிற்கிறேன்.
ஆடுகளுக்குப் பழகிவிட்டது.

பனிக்காலச் சூரியன்
மூன்றாம் பாலத்தருகே நேராக முகத்தில் அறையும்.
கண்ணாடிக்கு மேலிருக்கும் மறைப்பைக் கீழே இழுப்பேன்.
அங்கே செருகிவைத்த சீட்டு மடியில் விழும்.
மை மங்கிவிட்டது. மூன்றில் ஒரு பூஜ்யத்தைத்தான்
இப்போது படிக்க முடிகிறது.

திரும்பச் செருகிவிட்டு
அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறக்கிறேன்.
பையைத் தூக்கி ஏற்றிவிடும் தாய்
கையை அசைக்கிறாள்.
இவளாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
நானும் அசைக்கிறேன்.