சரக்கின் பெயர்

புளியரையில் மழை பிடித்தால்
எஸ் வளைவு வரைக்கும் லாரிகள் நிற்கும்.
மேடையில் ஏறும் வண்டி இறங்காது.
எனக்கு அப்போது கை சும்மா இருக்கும்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இரண்டு தட்டு,
நாற்பத்தொரு குதிரைகள்.

முதலாவது சில்லறைக்குப் பதிலாக வந்தது.
பாவூர்சத்திரம் தக்காளி ஏற்றிப் போனவன்
பத்து ரூபாய் குறைகிறதென்று
டாஷ்போர்டில் இருந்ததைப் பிய்த்துத் தந்தான்.
குளம்படியில் அந்தப் பசை இன்னும் இருக்கிறது.

ஒண்டியாய் நின்றது ஒரு மாதம்.
குற்றாலச் சீசன் கடையில் பெட்டை பார்த்தேன்.
அவன் பீங்கான், அவள் ரப்பர்.
நிறம் மட்டும் ஒத்துப்போனது;
அதுகூட ஒத்துப்போகாமல்
எத்தனை சம்பந்தம் முடிகிறது.

அங்கே பிடித்தது.
சிவப்புகளுக்குத் தனிக்குடித்தனம்.
பிடரி பின்னியவை ஒரே வம்சம்.
கால் மடக்கிய சாம்பலுக்கும் கண் அழிந்த வெள்ளைக்கும்
ஒரு குட்டி,
தாயைவிட இரண்டு விரற்கடை உயரம்.
எங்கோ வார்த்த அச்சு, யாரைக் குறை சொல்ல.
தட்டு விளிம்பில் லேபிள் ஒட்டினேன்
ரேஷன் கார்டு மாதிரி:
தலைவி, கணவர், இதர உறுப்பினர்.

முதலாளி அருளப்பன் எட்டிப் பார்த்து
"ரேஸில் எதும்மா ஜெயிக்கும்?" என்றார்.
டீ ஆறுகிறது என்றேன்.

கரும்பழுப்பு ஒன்றுதான் எதிலும் சேரவில்லை.
ஆணா பெண்ணா,
கவிழ்த்துப் பார்த்தாலும் வழவழவென்று இருந்தது.
மூன்று வருடம் கால்குலேட்டர் ஓரத்தில்.
அதன் லேபிளில் நான் எதுவும் எழுதவில்லை.

ஐப்பசியில் ஒரு சிமெண்ட் லாரி.
குஞ்ஞுமோன் இறங்கினான்,
பின்னாலேயே ரெயின்கோட்டுக்குள் அவன் மகள் ஜிஸ்னா.
அவள் கையில் அதே கரும்பழுப்பு,
அதே அச்சு,
ஒரு காது மட்டும் கடிபட்டு.

பெண் பார்க்க வந்த வீட்டில்போல
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து
"ஜோடி" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள்.
"அல்ல சேச்சீ, ரெண்டும் ஒராளா."
ஒரே ஆள்தானாம்.
ஓடும்போது அது,
நிற்கும்போது இது.

ரசீது அச்சாகி வருவதற்குள்
என் வீடுகளைக் கலைத்துவிட்டிருந்தாள்.
மூன்று ஆண்கள் ஒரே கூரையில்.
ரப்பர்காரி இரண்டு வம்சத்துக்கும் நடுவில்.
உயரக் குட்டி சுவரைப் பார்த்து;
"பிணக்கம்," என்றாள்,
தொடக்கூடாது என்பதுபோல் விரலை ஆட்டி.

லாரி ஆரியங்காவுப் பக்கம் ஏறிப் போனது.
ஓடும் கரும்பழுப்பு அதற்குள்.

இரவு பதினொன்றுக்குமேல் மழை விட்டது.
பாதியை எடுத்து இருந்தபடி வைத்தேன்.
பாதியை வைக்கவில்லை.
பிறகு என்ன நினைத்தேனோ
தட்டுகளோடு எல்லாரையும் தூக்கிப் போய்
ஈர இரும்பின் நடுவில் இறக்கிவிட்டு வந்தேன்.

பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடை எதையும் மதிக்காது.
மொத்த எடை பூஜ்யம்.
காலி எடை பூஜ்யம்.
வண்டி எண் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.
சரக்கின் பெயர் என்ற இடத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது.

தேங்காய் லாரிக்காரன் ஒருவன்
பின்னாலிருந்து ஹாரன் அடித்தான்,
விலகச் சொல்லி.