ஐயோ என்று ஒரு கட்டளை

ஐரோலி அலுவலகத்தின் ஐந்தாம் தளத்தில்
ஏசி நின்றுபோன ஒரு மே மாத மதியம்
வேறு வேலை ஓடவில்லை.
தினம் தட்டும் நீளக் கட்டளைகளை உட்கார்ந்து சுருக்கினேன்.

வா என்றால் மற்றவர்கள் எழுதியது என்னிடம் வரும்.
போ என்றால் நான் எழுதியது கிளம்பிப் போகும்.
பார், கூட்டு, தூங்கு.
கடைசியாகச் செய்த தப்பைத் திருப்பிப் போட
ஐயோ.

தட்டுவது ஆங்கில எழுத்துதான்,
விரலுக்குள் ஓடுவது தாராவியில் நாங்கள் பேசும்
திருநெல்வேலித் தமிழ்.

பக்கத்து இருக்கை பிராஜக்தா காம்ளே
எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"இந்த ஐயோ புது லைப்ரரியா?"
விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.
ஆனால் நகலெடுத்துக்கொள்ளவில்லை.
முப்பத்தொன்பது எழுத்தையும் ஒவ்வொரு முறையும்
பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்
ஒரே மூச்சில் தட்டுவாள்.

நாளைக்கு ஆறு நிமிடம் எனக்கு மிச்சம்.
எக்செல்லில் போட்டு அவளுக்கே காட்டினேன்.
அந்த ஆறு நிமிடத்தை
தானே ஸ்டேஷன் பத்தாம் பிளாட்பாரத்தில்
வராத வண்டிக்காக நின்று செலவழித்தேன்
என்பதைக் காட்டவில்லை.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.
ஆறே முக்காலுக்குப் பணம் கட்டும் பக்கம் விழுந்தது.
முந்தின நாள்தான் வாங்கிய சர்வர்.
உள்ளே நுழைந்து ஐயோ என்றேன்.
அப்படியொரு கட்டளை இல்லை.
ஐயோ.
இல்லை.
போ. இல்லை. வா. அதுவும் இல்லை.
பழசைத் தேடி மேல் அம்பை அழுத்தினால்
என் ஐயோக்களே வரிசையில் நிற்கின்றன.
முழுச் சொல் என்ன?
முதலில் வருவது ஒரு கோடா, இரண்டு கோடா?
இரண்டு வருடமாக நான் அதை
ஒரு தடவைகூட எழுதியதில்லை.

நாற்காலியோடு உருண்டு வந்தாள் பிராஜக்தா.
கீபோர்டை இழுத்தாள். ஒரே மூச்சு.
பக்கம் எழுந்துகொண்டது.
"வடாபாவ் உன் செலவு" என்றாள்.

திங்கட்கிழமை அந்த சர்வரைத் திறந்தபோது
சுருக்கங்களுக்கான கோப்பில் ஒரே ஒரு வரி:
ஐயோ, எதிரில் அந்த முப்பத்தொன்பது எழுத்து.
தலைக்கு மேல் மராத்தியில் ஒரு குறிப்பு:
இது தமிழ். பிழையென்று அழித்துவிட வேண்டாம்.

அன்றைக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை.
சும்மா தட்டிப் பார்க்கவும் முடியாது,
நல்லதைத் திருப்பிப் போட்டுவிடும்.