பெயர்ப் பொருத்தம்

திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில்
என் இ-சேவை மையம்.
காற்று திரும்பிவிட்டால் தேரி மணல்
கீபோர்டின் இடுக்கெல்லாம் சிவக்கும்.

உயிரோடு இருக்கிறேன் என்று சான்று பதிய வந்த அம்மாள்
பெயர் குழல்வாய்மொழி.
குற்றாலத்து அம்மன் பெயர், பிறந்ததும் அங்கேதான்.
கட்டிக்கொடுத்தது இங்கே, பட்டாளத்துக்காரருக்கு.
ஜபல்பூரில் யாரோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை இந்தியில் எழுதி
அதைப் பார்த்து இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதி
திரையில் வந்து நிற்கிறது:
குல்வாமோலி.

இரண்டு ழகரமும்
ஏதோ ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கி
வண்டியை விட்டிருக்கின்றன.

"திருத்திரலாமாம்மா?"

"நம்மூர்ல மட்டும் எவன் சரியாக் கூப்புட்டான்?
எங்கய்யாவே கொளவான்னுதான் கூப்புடுவாவ.
மாத்தாண்டாம் தம்பி.
அவிய போனபொறவு
பென்சன் அந்தப் பேருக்குத்தான வருது."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.
கரண்டும் போனது.

இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில்,
இதே செம்மணலில், அந்தக் காலத்தில்
ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார்
ஒரு குடும்பத்துக்குப் பெயர் தேடினார்.
தமிழ் என்றே வைத்தால்
தெலுங்கு முறைக்கும், கன்னடம் பேசாது.
வடக்கே போய்
த்ரமிளம், த்ரமிடம் என்று உருமாறி
ழகரம் தொலைத்துத் திரும்பிய ஒரு சொல்
ஏட்டில் சும்மா கிடந்தது:
திராவிடம்.
தமிழ்தான் அப்படிப் போனது என்பார் சிலர்,
அதுதான் தமிழாக வந்தது என்பார் சிலர்.
வழக்கு இன்னும் வாய்தாவில்.

ஆனால் கார்டு அந்தப் பெயரில்தான்.
துளு, தோடா, கோண்டி, குயி,
பலுசிஸ்தான் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டு
போட்டோ எடுக்க வராத பிராகுயி
எல்லோரும் அதில் ஏறியிருக்கிறார்கள்.
குடும்பத் தலைவர் யார் என்ற கட்டத்தில்தான்
அடித்து அடித்து எழுதியிருக்கிறது.

மூன்று மணிக்குக் கரண்டு வந்தது.
அம்மாளின் படிவத்தை ஸ்கேனரில் வைத்தபோதுதான் பார்த்தேன்:
பிள்ளைக்கையெழுத்தில்,
கோட்டை விட்டு இறங்கி,
இரண்டு ழகரமும் கொம்பு முறுக்கிக்கொண்டு.

'பெயர் பொருந்தவில்லை. தொடரவா?'
என்றது இயந்திரம்.

தொடர் என்று அழுத்தினேன்.