செற்றில்

புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்ட
என்னுடைய போட்டோக்கொப்பிக் கடைக்கு
பதினொரு மணி வெயிலோடு வந்தா தவனேஸ்வரி.
லீசிங் கொம்பனிக் கடிதம், இங்கிலீசில்.
நாலாய் மடித்து பேர்சுக்குள் வைத்ததில்
மடிப்பு வழியே எழுத்துத் தேய்ந்திருந்தது.

"இதில என்னவாம்?"
பதினெட்டாம் திகதிக்கு முன் செற்றில் பண்ணட்டாம், அக்கா.
"செற்றில் எண்டா?"
காசைக் கட்டி முடிக்கிறது.
"அப்ப கட்டெண்டு எழுதியிருக்கலாமே.
என்ர மச்சாள் கனடாவில செற்றில் எண்டு சொல்லுகினம்.
அவ ஆருக்குக் கட்டி முடிச்சவ?"

ஏஜென்சிக்கு, என்று வாயில் வந்ததை விழுங்கினேன்.

கைபேசியில் அகராதி திறந்தால்
பொருள் இருபதுக்கு மேல்.
கிளப்பிய தூசி படிவது.
கலங்கின தண்ணியில் மண் அடிக்கு இறங்குவது.
புதுச்சுவர் மெல்லத் தாழ்வது, வழக்கு முடிவது,
பறவை கொப்பில் வந்து இருப்பது,
பழைய பகைக்குக் கணக்குத் தீர்ப்பது.
கடைசியை அவவுக்கு வாசிக்கவில்லை.
இந்த ஊரில் தீர்ப்பது என்ற சொல்லை
யோசித்துத்தான் எடுக்கவேண்டும்.

அடியில், சின்ன எழுத்தில், பிறப்பு:
ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலீசில் இதன் வேர்
'இருக்கை.'
ஒரு வாங்கு, ஒரு ஆசனம், அவ்வளவுதான்.
சமாதானமாக்கு என்று பொருள்பட்ட
வேறொரு சொல்லும் செத்து
இதற்குள் கலந்து போயிற்றாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
நாங்களும் அதைத்தானே செய்து வைத்திருக்கிறோம்.
இரு என்றால் குந்து. இரு என்றால் பொறு.
இரு என்றால் உயிரோடு இரு.
என் கடைப் பெயர்ப்பலகையில், ஊர்ப்பெயரின் வாலில்,
அந்தச் சொல் காலை மடித்து இருக்கிறது.

"இருந்து கதையுங்கோ அக்கா"
கதிரையைத் தள்ளினேன்.
சிவப்புப் பிளாஸ்டிக், ஒரு காலுக்குக் கம்பிக்கட்டு.
(கதிரையும் கப்பலில் வந்த சொல்தான்.
அதை வேறு நாளைக்கு வைத்துக்கொண்டேன்.)

அவ இருக்கவில்லை.
"ஒருக்கா அக்கராயனில. பிறகு செட்டிகுளத்தில, கூடாரத்தில.
பிறகு பஸ்ஸில ஏத்தி
பன்னிரண்டு தகரமும் தந்து இஞ்ச.
மூண்டு தரமும் அவையள்தான் எங்களைச் செற்றில் பண்ணினவை.
நாங்கள் ஒருக்காலும் பண்ணேல்லை."

குடியேறினோம்.
குடியேற்றினார்கள்.
நடுவில் புகுந்த அந்த ஒரு 'ற்'
கையில் பெயர்ப்பட்டியலோடு நிற்கிறது.

கடன் அறுபதாயிரம். கச்சான் போட எடுத்தது.
மழை முந்தி வந்தது.
"தவணை கேட்டு எழுதித் தாரும் தம்பி.
ஆனா அந்தச் சொல்லைப் போடாதையும்.
கட்டுறன் எண்டு போடும்."

கட்டுறன்.
காசுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்,
பிய்ந்த வேலிக்கும் மாட்டுக்கும் அதுதான்.
இங்கிலீசில் அதற்கு நாலு சொல் வேணும்.
ஒன்றைத் தெரிந்தெடுத்து அடித்தேன், மனமில்லாமல்.

தாள் இரண்டு, நாற்பது ரூபா.
நூறு ரூபாய் தந்து
மிச்சத்தை வாங்கி
நின்றபடியே இரண்டு தரம் எண்ணினா.