எட்டு ஐம்பது, ஒன்பது பத்து

நேர்ச்சாலையில் போகும்போதும்
எங்கள் டாட்சனின் ஸ்டீயரிங்
எட்டரை மணி காட்டும்.
ஒன்பதில் நிற்க வேண்டிய இடக்கம்பி
பஸ்ஸில் தூங்குகிறவன் தலைபோல்
கொஞ்சம் தொங்கிப்போய்.

வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.
யாரோ எப்போதோ கழற்றி
யோசனை எங்கேயோ இருக்க மாட்டியிருக்கிறார்கள்.
"வண்டி நேராத்தானே போகுது" என்பான் அருளப்பன்.
போகிறதுதான்.
நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
கோணலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க
எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கெம்பாங்கான்.
போர்ட்டிகோவில் காய்ந்த சட்டைகளை ஒதுக்கிவிட்டு
வேலையில் இறங்கினோம்.
பேட்டரி வயரைக் கழற்று என்றேன்.
தேவையில்லை என்றான்.
ஹாரன் மூடியை நெம்பியதும்
வண்டி வாய்விட்டு அலறியது,
எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது,
பக்கத்து மாடியில் சுரியாத்தி ஜன்னலைத் திறந்து
என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டாள்.
ஒன்றுமில்லை, என் கணவர்தான் என்றேன்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
மூன்றரைச் சுற்று.
பாதி, ஒன்றே முக்கால்.
அங்கே நிறுத்தி
தண்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து
சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன்.
நட்டை முழுசாய்க் கழற்றாதே,
நாலு புரி விட்டு வை.
இழுத்தான். அசையவில்லை.
முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தான்.
எத்தனை வருஷத்துப் பிடியோ,
டக்கென்று விட்டபோது
நட்டில் தட்டி நின்றது சக்கரம்.
மூக்கு பிழைத்தது.
என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

தண்டில் முப்பத்தாறு பல்.
ஒரு பல் நகர்த்தி மாட்டினால் எட்டு ஐம்பது.
இரண்டு பல் நகர்த்தினால் ஒன்பது பத்து.
ஒன்பது மணி
அந்த இரும்பில் வெட்டப்படவே இல்லை.

கொஞ்ச நேரம் இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"ஒன்பது பத்தே இருக்கட்டும்,
நீ எப்பவும் லேட்தானே."
எட்டு ஐம்பதில் மாட்டி இறுக்கினேன்.

மீதிப் பத்து நிமிடம் வண்டிக்கு அடியில் இருந்தது.
ஜாக்கி, கட்டை, விரித்த அட்டைப்பெட்டி.
பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு
இரு பக்கமும் தையல் நூல்.
அவனை உள்ளே உட்காரவைத்து
ஒன்பதிலேயே பிடி, மூச்சும் விடாதே என்றுவிட்டு
மல்லாந்து நுழைந்தேன்.
ஒரு ராடை நீட்டிய அளவு
மற்றதைக் குறுக்க வேண்டும்;
ஒன்றை மட்டும் திருகினால்
டயர்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும்.
கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே.
கண்ணில் துரு.
மேலேயிருந்து அவன்
கால்பந்து ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தான்.
நூலும் டயரும் தொட்டும் தொடாமலும் வந்ததும்
நட்டை இறுக்கினேன்.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.
அதில்தான் சண்டை.
பழைய வண்டிக்கு ஆண்டில் நாற்பத்தைந்து நாள்தான் சாலை.
எங்களுக்கு மிச்சம் ஆறு.
பத்து நிமிடம் ஓட்டினாலும் ஒரு முழு நாள் போய்விடும்.
"கேட் வரைக்கும் தள்ளிப் பார்க்கலாமே?"
நான் அதற்குள் போனில்
அந்த நாளை வாங்கியிருந்தேன்.

சாங்கி கோஸ்ட் ரோடு.
விமான ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே
நூல் பிடித்துப் போட்ட சாலை.
கையை லேசாகத் தளர்த்தினேன்.
ஒன்பது.
ஒன்பதுதான்.
பிறகு வண்டி
யாரோ கூப்பிட்ட மாதிரி இடப்பக்கம் ஒதுங்கியது.
அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்;
மழை முந்திக்கொண்டது.

விழுந்த தண்ணீரில் ஒரு சொட்டும் நடுவில் நிற்கவில்லை.
மொத்தமும் இடது ஓரத்துக்
கால்வாயைப் பார்த்து ஓடியது.
சாலையே சரிவுதான்.
வேண்டுமென்றே சரித்திருக்கிறார்கள்,
இந்த ஊர் மழை தெரிந்தவர்கள்.

கையை மறுபடி வைத்தேன்.
வலப்பக்கம் ஒரு நூலளவு கூட.
ஒன்பது இரண்டு இருக்கும்.

என் பக்க வைப்பர் பாதியில் நின்றுவிட்டது.
அது அடுத்த ஞாயிறுக்கு.
ஓரம் கட்டி, மணி பார்த்தோம்.
நாலு.
நள்ளிரவு வரைக்கும் சாலை எங்களுடையது;
மழை விட்டதும்
சாங்கி வில்லேஜில் சாப்பிடலாம் என்றான் அருளப்பன்,
சும்மா நிற்கும் ஸ்டீயரிங்கை
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தபடி.