முகவாய்க் கோடு

முகவாயில் மூன்று, கண்ணோரம் ஒன்றொன்று,
தலையில் ஆறு, முழங்காலுக்குக் கீழே இரண்டிரண்டு.
பசையின் குளிர்ச்சிக்கு அவர் முகம் சுளிக்கவில்லை.
சுளிக்க நினைத்திருப்பார். முகம் வந்து சேரவில்லை.

பக்கிரிசாமி, அறுபத்தேழு.
தனியார் பேருந்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்,
தஞ்சாவூர் திருவாரூர், நாளைக்கு மூன்று நடை.
சட்டைப் பித்தான்களைக் கழற்ற
நான் கீழே போய் டீ குடித்து வரும் நேரம் ஆயிற்று.
பேர் கேட்டேன். குனிந்து காதைக் கொடுத்தும்
காற்றுதான் வந்தது.
தையல்நாயகிதான் சொன்னார்,
இடது கண்ணுக்குக் கீழே ஊதாவாய் ஒரு வீக்கத்தோடு.
"கதவுல இடிச்சுக்கிட்டேன்னு எழுதிக்குங்க."
நான் எழுதவில்லை.

மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஏசி சொட்டும் நீருக்கு ஒரு நீல வாளி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், என் ஃபிளாஸ்க்,
திரையில் பதினாறு கோடுகள்.
ஓர் இரவை முப்பது முப்பது விநாடியாய் நறுக்குவதற்குச்
சம்பளம் வாங்குகிறேன்.

கனவு வந்தால் கண் ஓடும். உடம்பு ஓடக் கூடாது.
அதுதான் ஏற்பாடு.
முகவாய்க் கோடு அந்நேரம்
தண்ணீர் திறக்காத வைகாசி வெண்ணாறு மாதிரி
மணலும் ஓணான் தடமுமாய்க் கிடக்க வேண்டும்.

இரண்டு ஐம்பது. கண் ஓடத் தொடங்கியது.
கோட்டில் ஒரு முள் முளைத்தது.
பிறகு நாலு. பிறகு ஒரு கருவேலங்காடு.
வலது கை எழுந்தது.
நடுக்கமில்லை.
திரையை விட்டு எழுந்து கண்ணாடியருகே போய்ப் பார்த்தேன்,
நடுக்கமில்லை.
இல்லாத பையைத் தட்டி, இல்லாத சீட்டைக் கிழித்து,
இல்லாத தோள்களுக்கு நடுவே நீட்டி

"சாலியமங்கலமெல்லாம் எறங்கு!
அம்மாப்பேட்டை உள்ள போ, உள்ள போ!
யோவ், படியில நிக்காதய்யா!"

கண்ணாடி அதிர்ந்தது.
வெளியே பெஞ்சில் தூங்கிய வாட்ச்மேன்
எழுந்து ஒதுங்கி வழிவிட்டார்.
கோயில்வெண்ணியில் யாரோ சில்லறை தரவில்லை.
கட்டில் கம்பியில் நான் கட்டிவைத்த தலையணை
அவனுக்காக நாலு உதை வாங்கிக்கொண்டது.

பிறகு, சாவகாசமாக,
"நீடாமங்கலம் கேட்டு போட்டாச்சு. ஆஃப் பண்ணிரு."
கை இறங்கியது.
முகவாய்க் கோடு படுத்துக்கொண்டது.
நாலு நிமிஷம். சரக்கு வண்டி போலிருக்கிறது.
கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
பெட்டி எண்ணுகிறவருக்கு ஓடுவதுபோல்.

இதை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை.
கனவுறக்கத்தில் தசை தளரவில்லை
என்று ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டேன்.

விடிந்து, வெந்நீரில் பசையைத் துடைத்தபின்
தையல்நாயகி என்னை நடைக்குக் கூப்பிட்டார்.
"மாத்திரை குடுத்தா அடங்கிருமாமே?"
அடங்கலாம் என்றேன்.
"அந்தச் சத்தமுமா?"
கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். தொட்டது தெரியாமல்.
"பகல்ல அவரு பேசுறதே எனக்குக் கேக்க மாட்டேங்குது தாயி.
நான் கீழ பாயப் போட்டுப் படுத்துக்குவேன்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்கலாமான்னு
கேட்டுச் சொல்லு."
டாக்டரைக் கேளுங்கள் என்று
தரையின் ஓட்டைப் பார்த்துச் சொன்னேன்.

உள்ளே அவர் மூன்றாவது பித்தானில் இருந்தார்.
போட்டுவிடவா என்று கேட்கவில்லை. நின்றேன்.
உதடு அசைந்தது. குனிந்தேன்.
"எதுவரைக்கும் போனேன்?"
நீடாமங்கலம் கேட்டு.
விரல்கள் துளையைத் தேடின, விட்டன, தேடின.
"ஏறுனது எத்தன பேரு?"
எண்ணவில்லையே ஐயா.
முகம் அப்படியேதான் இருந்தது. கண் கோபித்துக்கொண்டது.
"எண்ணாம
எப்புடி இன்வாய்ஸ் போடுவே?"